மக்குப் பட்டத்தை அழித்த டாக்டர்

ஜூன் மாதம் வந்தால் குற்றாலத்தில் சாரல் விழும். பேரருவியிலும் ஐந்தருவியிலும் கூட்டம் நெரியும். பள்ளிக்கூடம் திறப்பதும் அந்த மாதத்தில்தான். தென்காசியிலும், இலஞ்சியிலும், மேலகரத்திலும், செங்கோட்டையிலும் பிள்ளைகள் புதுப் புத்தகத்தை முகர்ந்து பார்த்துக்கொண்டே வகுப்புக்குப் போவார்கள்.

அந்த வகுப்புகளில் எங்காவது ஒரு பையன் இருப்பான். குற்றாலத்து அருவிகள் எவை என்று கேட்டால் பேரருவி, சிற்றருவி, செண்பகாதேவி, தேனருவி, ஐந்தருவி, புலியருவி என்று மூச்சு விடாமல் சொல்வான். கடைக்குப் போனால் மீதிச் சில்லறையைச் சரியாக எண்ணி வாங்கி வருவான். பழுதான சைக்கிளைத் தானே பிரித்துப் பூட்டுவான். ஆனால் புத்தகத்தைக் கையில் கொடுத்துப் படிக்கச் சொன்னால் தடுமாறுவான். நேற்றுப் படித்த சொல் இன்று அவனுக்குப் புதிய சொல். பார்த்து எழுதினாலும் எழுத்து இடம் மாறிப்போகும்.

வகுப்பில் அவனுக்கு மக்கு என்று பட்டம் கிடைக்கும். வீட்டில் சோம்பேறி என்று ஏச்சு கிடைக்கும். சில வருஷங்களில் அவனே தன்னை மக்கு என்று நம்பிவிடுவான். அத்துடன் படிப்பு நின்றுவிடும்.

அவன் மக்கு அல்ல, சோம்பேறியும் அல்ல. மூளையில் மொழி வேலை நடக்கும் விதத்தில்தான் இதன் காரணத்தைத் தேட வேண்டும். தக்க முறையில் கற்பித்தால் அவனும் படிப்பான். நூறு வருஷங்களுக்கு முன்பே இதை உலகுக்கு எடுத்துச் சொன்ன ஒரு டாக்டர் அமெரிக்காவில் இருந்தார். அவர் பெயர் சாமுவேல் டாரி ஆர்ட்டன். அவருடைய வாழ்க்கையைப் பெற்றோரும் ஆசிரியர்களும் அறிந்துகொள்ள வேண்டும்.

படித்த குடும்பம்

ஆர்ட்டன் 1879ஆம் ஆண்டு அக்டோபர் 15ஆம் தேதி, ஓஹையோ மாநிலத்தில் உள்ள கொலம்பஸ் நகரில் பிறந்தார். தந்தை எட்வர்டு ஆர்ட்டன் பெரிய கல்விமான். பூமிக்கு அடியில் உள்ள பாறைகளை ஆராய்ந்தவர். ஓஹையோ மாநிலப் பல்கலைக் கழகத்தின் முதல் தலைவரும் அவரே.

தந்தை தலைமை வகித்த பல்கலைக் கழகத்திலேயே மகனும் படித்து 1901இல் பட்டம் பெற்றார். பிறகு பென்சில்வேனியாவுக்குச் சென்று வைத்தியம் படித்தார். 1905இல் டாக்டர் ஆனார்.

ஆரம்பத்தில் அவருக்கும் பள்ளிப் பிள்ளைகளுக்கும் சம்பந்தமே இல்லை. மனநோய் ஆஸ்பத்திரிகளில் இறந்துபோனவர்களின் மூளையை ஆராய்வது அவருடைய வேலை. மூளையை மெல்லிய சீவல்களாக அறுத்து, பூதக்கண்ணாடிக் கருவியின் கீழ் வைத்துப் பார்ப்பார். எந்த இடத்தில் பழுது ஏற்பட்டால் மனிதனுக்கு என்ன போய்விடுகிறது என்று கணக்கெடுப்பார். பல வருஷங்கள் இந்த வேலையில் அவர் பெற்ற அறிவு, பிற்காலத்தில் எழுத்துக் கூட்டத் தெரியாமல் விழித்த பிள்ளைகளுக்குப் பயன்பட்டது.

1919இல் அயோவா மாநிலம் அவரை அழைத்தது. அங்கே பல்கலைக் கழகத்தைச் சேர்ந்ததாக ஒரு மனநோய் ஆஸ்பத்திரி ஏற்படவிருந்தது. அதன் முதல் தலைவராக ஆர்ட்டன் பொறுப்பேற்றார்.

பேச்சு குடியிருக்கும் பக்கம்

மூளையைப் பற்றி அந்தக் காலத்து டாக்டர்களுக்கு ஓர் ஆச்சரியமான செய்தி தெரிந்திருந்தது. அது தெரிந்தால்தான் ஆர்ட்டனின் கதை புரியும்.

அக்ரூட் பருப்பைப் பார்த்திருப்பீர்கள். மேடும் பள்ளமுமாக இரண்டு பாதியாக இருக்கும். மனிதனுடைய மூளையும் அப்படித்தான். இடப்பாதி, வலப்பாதி என்று இரண்டு. இடப்பாதி உடம்பின் வலப்பக்கத்தை ஆட்டுவிக்கிறது. வலப்பாதி இடப்பக்கத்தை ஆட்டுவிக்கிறது.

பக்கவாதம் வந்தவர்களைப் பலரும் பார்த்திருப்பார்கள். வலது கையும் காலும் விழுந்துவிட்டால், பல சமயம் பேச்சும் போய்விடுகிறது. இடது கையும் காலும் விழுந்தவர்களுக்குப் பேச்சு பெரும்பாலும் தப்பிவிடுகிறது. இது ஏன்?

இதற்கு விடை கண்டவர் பால் புரோக்கா என்ற பிரெஞ்சு டாக்டர். 1861இல் பாரிஸ் ஆஸ்பத்திரியில் ஒரு நோயாளி அவரிடம் வந்தார். மற்றவர்கள் சொல்வது அந்த நோயாளிக்குப் புரியும். ஆனால் டான் என்ற ஓர் ஓசையைத் தவிர வேறு எதுவும் அவர் வாயில் வராது. அவர் இறந்த பிறகு புரோக்கா மூளையைப் பார்த்தார். இடப்பாதியின் முன்பக்கத்தில் ஓர் இடம் கெட்டுப்போயிருந்தது. அதுபோன்ற நோயாளிகள் பலரையும் பார்த்த பின், 1865இல் பேச்சுக்கு இடப்பாதியே முக்கியம் என்று அவர் முடிவு கூறினார்.

வலது கைக்காரர்களில் நூற்றுக்குச் சுமார் 95 பேருக்கு மொழி வேலை இடப்பாதியில்தான் முக்கியமாக நடக்கிறது என்று பிற்கால ஆராய்ச்சிகள் காட்டின. இடது கைக்காரர்களிலும் நூற்றுக்குச் சுமார் 70 பேருக்கு அப்படியே.

படிப்பு மட்டும் வராத பிள்ளைகளைப் பற்றியும் சிலர் எழுதியிருந்தார்கள். 1896இல் இங்கிலாந்தில் பிரிங்கிள் மார்கன் என்ற டாக்டர், 14 வயதுப் பையன் ஒருவனைப் பற்றி எழுதினார். நல்ல கண், நல்ல புத்தி, ஆனால் வாசிப்பு வரவில்லை. சொல்குருடு என்று அதற்குப் பெயர் வைத்தார்கள். இது மிகவும் அபூர்வமான கோளாறு என்றே அன்று எண்ணினார்கள்.

ஆஸ்பத்திரி ஊருக்குப் போனது

அயோவா பெரும்பாலும் விவசாயிகள் வாழும் பூமி. நோயாளிகள் ஆஸ்பத்திரியைத் தேடி வரட்டும் என்று ஆர்ட்டன் காத்திருக்கவில்லை. டாக்டர்களையும் உதவியாளர்களையும் அழைத்துக்கொண்டு அவரே ஊர்களுக்குப் போனார்.

1925 ஜனவரியில் கிரீன் என்னும் ஜில்லாவில் முகாம் போட்டார். பள்ளிக்கூடத்தில் தேறாத பிள்ளைகளையும் அனுப்பிவைக்கும்படி ஆசிரியர்களைக் கேட்டுக்கொண்டார்.

அப்படி வந்தவர்களில் 16 வயதுப் பையன் ஒருவன் இருந்தான். அவன் பெயரை டாக்டர் வெளியிடவில்லை. எம்., பி. என்ற இரண்டு எழுத்துக்களால் மட்டும் அவனைக் குறிப்பிட்டார். 16 வயதாகியும் அவனுக்குப் படிக்க வரவில்லை. அறிவுச் சோதனை வைத்தார்கள். அதிலும் மிகக் குறைந்த மார்க்கே கிடைத்தது. மந்த புத்தி என்று எழுதி அனுப்பிவிட அந்த மார்க் போதும்.

ஆனால் ஆர்ட்டன் அவனோடு உட்கார்ந்து பேசினார். இயந்திரங்களைப் பற்றிக் கேள்வி கேட்டார். அவன் தயங்காமல் தெளிவாகப் பதில் சொன்னான். இவன் மந்தமானவன் அல்ல என்று டாக்டருக்குப் பட்டது. அந்தச் சோதனை அவனுடைய உண்மையான அறிவை அளக்கவில்லை என்று முடிவு செய்தார்.

படிப்பு வராத மற்றப் பிள்ளைகளையும் கவனித்துப் பார்த்தார். சொல்குருடு அவ்வளவு அபூர்வம் அல்ல என்று தெரிந்தது. ஒரு சிறு ஜில்லாவிலேயே இத்தனை பேர் என்றால், நாடு முழுவதும் எத்தனை பேர் இருப்பார்கள்! அதே 1925ஆம் ஆண்டில் பள்ளிப் பிள்ளைகளின் சொல்குருடு பற்றி ஒரு கட்டுரை எழுதி வெளியிட்டார். ராக்பெல்லர் அறநிலையம் பண உதவி செய்தது. வேலை விரிந்தது.

கண்ணாடியில் தெரிந்த எழுத்து

இந்தப் பிள்ளைகள் செய்யும் தவறுகளில் ஒரு ஒழுங்கு இருப்பதை ஆர்ட்டன் கண்டார். ஆங்கிலத்தில் பி என்ற சிறிய எழுத்து ஒரு கோடும் ஒரு வட்டமும் சேர்ந்தது. வட்டம் கோட்டுக்கு வலப்பக்கம் இருந்தால் பி; இடப்பக்கம் இருந்தால் டி. இந்த இரண்டையும் பிள்ளைகள் மாற்றி மாற்றிப் படித்தார்கள். சில சொற்களைப் பின்னாலிருந்து முன்னாலாகப் படித்தார்கள். சிலர் கண்ணாடியில் தெரிவதுபோல் புரண்டிருக்கும் எழுத்தை எளிதாகவே வாசித்தார்கள்.

இதில் ஒரு நியாயம் இருக்கிறது. தென்காசிக் கோபுரத்தை இந்தப் பக்கம் நின்று பார்த்தாலும் அந்தப் பக்கம் நின்று பார்த்தாலும் அது கோபுரந்தான். பசு இடது பக்கம் திரும்பி நின்றாலும் வலது பக்கம் திரும்பி நின்றாலும் பசுதான். உலகத்தில் பெரும்பாலான பொருள்கள் இப்படியே. திருப்பி வைத்தால் எழுத்துக்கு மட்டும் பெயர் மாறிவிடுகிறது. இதைக் குழந்தையின் மூளை புதிதாகக் கற்க வேண்டியிருக்கிறது.

ஆர்ட்டன் ஒரு விளக்கம் சொன்னார். எழுத்தின் உருவம் மூளையின் இரண்டு பாதியிலும் பதிகிறது. ஒன்றில் நேராகவும் மற்றதில் கண்ணாடிப் பிம்பம் போலவும் பதிகிறது. சாதாரணமாக இடப்பாதி தலைமை ஏற்று, வலப்பாதியின் பிம்பத்தை அடக்கிவிடுகிறது. சில பிள்ளைகளுக்கு இந்தத் தலைமை சரியாக ஏற்படுவதில்லை. இரண்டு பிம்பங்களும் போட்டி போடுகின்றன. பிள்ளை குழம்பிப்போகிறது. இதுவே அவருடைய விளக்கம்.

சொல்குருடு என்ற பெயர் அவருக்குப் பிடிக்கவில்லை. குருடு என்றால் தீராது என்று தோன்றும் அல்லவா? புரண்ட குறிகள் என்று பொருள்படும்படி கிரேக்க மொழியிலிருந்து ஸ்ட்ரெபோசிம்போலியா என்ற புதிய பெயரை உண்டாக்கினார். பெயர் வாயில் நுழையாததுதான். ஆனால் நோக்கம் நல்லது. புரண்டதை நிமிர்த்த முடியும் என்ற நம்பிக்கை அதில் இருந்தது.

கண், காது, வாய், விரல்

அந்தக் காலத்து அமெரிக்கப் பள்ளிகள் பலவற்றில் ஒரு புதுமுறை பரவிவந்தது. எழுத்தையும் ஒலியையும் சொல்லித் தராமல், முழுச் சொல்லையும் அட்டையில் காட்டுவார்கள். படத்தை அடையாளம் காண்பதுபோல் சொல்லையும் அடையாளம் காண வேண்டும். பல பிள்ளைகள் அதிலும் படித்துவிட்டார்கள். ஆனால் ஆர்ட்டன் கவனித்த பிள்ளைகள் அதில் அடியோடு தோற்றார்கள். இந்த முறையே சில பிள்ளைகளின் படிப்பைக் கெடுக்கிறது என்று 1929இல் துணிந்து எழுதினார்.

அவர் சொன்ன வழி வேறு. முதலில் ஒவ்வொரு எழுத்தின் ஒலியையும் தனியே கற்பிக்க வேண்டும். பிள்ளை எழுத்தைக் கண்ணால் பார்க்க வேண்டும். ஒலியைக் காதால் கேட்க வேண்டும். வாயால் சொல்ல வேண்டும். சொல்லிக்கொண்டே விரலால் அந்த எழுத்தின் மேல் வரைய வேண்டும். பிறகு இரண்டு ஒலிகளைச் சேர்க்க வேண்டும். அதன்பின் மூன்று. அவசரம் கூடாது. ஒன்று உறுதிப்பட்ட பிறகே அடுத்தது.

குற்றாலத்துப் பேரருவியைப் பார்த்தவர்களுக்கு இது நன்றாக விளங்கும். மேலேயிருந்து விழும் வெள்ளம் நேரே ஆட்கள் தலையில் விழுவதில்லை. நடுவில் பொங்குமாகடல் என்ற பள்ளத்தில் விழுந்து, வேகம் தணிந்து, பிறகு கீழே இறங்குகிறது. அதனால்தான் நாம் அடியில் நின்று குளிக்க முடிகிறது. படிக்கத் தடுமாறும் பிள்ளைக்கு முழுச் சொல் தலையில் விழும் வெள்ளம்போல. நடுவில் நின்று அதன் வேகத்தைத் தணித்துக் கொடுப்பது ஆசிரியரின் வேலை.

நம் ஊர்களுக்கு இந்த முறை முற்றிலும் புதிது அல்ல. பழைய திண்ணைப் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதினார்கள். வாயால் உரக்கச் சொல்லிக்கொண்டே எழுதினார்கள். 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் சென்னையில் வேலை பார்த்த ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார் இப்படி மணலில் எழுதும் வழக்கத்தைக் கண்டு வியந்தார். தம் பள்ளிக்கூடத்தில் அதைக் கையாண்டார். இங்கிலாந்துக்குத் திரும்பிய பின், 1797இல் தம் கல்விமுறை பற்றிப் புத்தகமும் வெளியிட்டார்.

நியூயார்க்கில் கடைசிக் காலம்

1920களின் முடிவில் ஆர்ட்டன் நியூயார்க்குக்குக் குடிபெயர்ந்தார். அமெரிக்க மனநோய் மருத்துவர் சங்கம் அவரைத் தலைவராகத் தேர்ந்தெடுத்தது. அங்கே கொலம்பியா பல்கலைக் கழகத்திலும், நரம்பு நோய் ஆராய்ச்சி நிலையத்திலும் வேலையைத் தொடர்ந்தார்.

டாக்டருக்குக் காரணம் தெரியும். ஆனால் வகுப்பில் தினமும் எப்படிக் கற்பிப்பது? அதற்கு அனுபவம் மிக்க ஆசிரியர்கள் வேண்டும். அன்னா கில்லிங்காம், பெஸ்ஸி ஸ்டில்மன் என்ற இரண்டு ஆசிரியைகள் அவருக்குத் துணையாகக் கிடைத்தார்கள். ஆர்ட்டனின் கருத்துக்களைப் பாடம் பாடமாகப் பிரித்து, ஆசிரியர்களுக்கு ஒரு வழிகாட்டி நூல் எழுதினார்கள். அந்த முறை ஆர்ட்டன் - கில்லிங்காம் முறை என்று உலகெங்கும் பெயர் பெற்றது.

1937இல் ஆர்ட்டன் தம் அனுபவங்களைத் திரட்டி, குழந்தைகளின் வாசிப்பு, எழுத்து, பேச்சுக் கோளாறுகள் பற்றி ஒரு புத்தகம் எழுதினார். 1948 நவம்பரில் காலமானார். அப்போது அவருக்கு வயது 69.

அவருடைய மனைவி ஜூன் லைடே ஆர்ட்டனும் அயோவாவில் அவரோடு வேலை பார்த்தவர். 1949இல் ஆர்ட்டன் பெயரால் ஒரு சங்கம் ஏற்பட்டது. அதன் வளர்ச்சிக்கு அந்த அம்மையார் பெரிதும் உழைத்தார். கணவரின் கட்டுரைகளைத் தொகுத்து 1966இல் வெளியிட்டார். அந்தச் சங்கமே இப்போது சர்வதேச டிஸ்லெக்சியா சங்கம் என்ற பெயரில் இயங்குகிறது. டிஸ்லெக்சியா என்பது வாசிப்புக் குறைபாட்டுக்கு இன்று வழங்கும் பெயர்.

எது தவறு, எது சரி?

ஆர்ட்டன் சொன்னதெல்லாம் சரியாகப் போய்விடவில்லை. இதை மறைக்க வேண்டியதில்லை. கண்ணாடிப் பிம்பங்கள் மூளையில் போட்டி போடுகின்றன என்ற விளக்கம் நிலைக்கவில்லை. எழுத்தைப் புரட்டி எழுதுவது, புதிதாகப் படிக்கும் எல்லாப் பிள்ளைகளிடமும் காணப்படுகிறது என்று தெரியவந்தது. ஐந்து, ஆறு வயதில் அப்படி எழுதினால் பயப்பட வேண்டியதில்லை. இடது கைப் பழக்கம் இருப்பதனாலேயே ஒரு பிள்ளைக்குப் படிப்பு வராமல் போய்விடாது.

கோளாறு பெரும்பாலும் கண்ணில் இல்லை, ஒலியில் இருக்கிறது என்று 1970களிலிருந்து வந்த ஆராய்ச்சிகள் காட்டின. அம்மா என்ற சொல்லில் என்னென்ன ஒலிகள் இருக்கின்றன என்று பிரித்துக் காண்பதும், அந்த ஒலியை எழுத்தோடு முடிச்சுப் போடுவதும் இந்தப் பிள்ளைகளுக்குக் கடினமாக இருக்கிறது.

ஆனால் இடப்பாதி மூளையை ஆர்ட்டன் சுட்டிக்காட்டியது வீண் போகவில்லை. உயிரோடு இருப்பவரின் மூளை வேலை செய்வதைப் படம் பிடிக்கும் கருவிகள் 1990களில் பெருகின. படிக்கும்போது, வாசிப்புக் குறைபாடு உள்ளவர்களுக்கு மூளையின் இடப்பாதியில் பின்பக்கம் உள்ள சில பகுதிகள் மற்றவர்களுக்கு வேலை செய்யும் அளவுக்கு வேலை செய்யவில்லை. எழுத்தை ஒலியோடு சேர்க்கும் பகுதிகள் அவை.

இன்னொரு செய்தி மிகவும் மகிழ்ச்சியானது. 2002இல் அமெரிக்காவில் இப்படிப்பட்ட எட்டுப் பிள்ளைகளுக்குச் சுமார் 80 மணி நேரம் ஒலி வழியாக வாசிப்புப் பயிற்சி கொடுத்தார்கள். வாசிப்பு தேறியது. அதோடு, முன்பு சோம்பிக் கிடந்த இடப்பாதிப் பகுதியும் வேலை செய்யத் தொடங்கியதைக் கருவி காட்டியது. நல்ல பாடம் மூளையின் வேலையையே மாற்றுகிறது! புரண்டதை நிமிர்த்த முடியும் என்ற ஆர்ட்டனின் நம்பிக்கை பலித்துவிட்டது.

தமிழ் படிக்கும் பிள்ளைகள்

இந்தக் குறைபாடு ஆங்கிலம் படிக்கும் பிள்ளைகளுக்கு மட்டும் உரியது அல்ல. எந்த மொழி படித்தாலும் வரலாம். தமிழில் 247 எழுத்துக்கள் இருக்கின்றன. கெ என்று எழுதும்போது கொம்பு முன்னால் வருகிறது. அதன் ஒலியோ பின்னால் வருகிறது. கொ என்றால் எழுத்தின் இரண்டு பக்கமும் குறி நிற்கிறது. துணைக்காலும் ர என்ற எழுத்தும் பார்வைக்கு ஏறக்குறைய ஒன்றுபோல் இருக்கின்றன. கண், தங்கம், அகம் ஆகிய மூன்று சொற்களிலும் க என்ற ஒரே எழுத்து மூன்று விதமாக ஒலிக்கிறது. மற்றப் பிள்ளைகள் இவற்றைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். சில பிள்ளைகளுக்கு இவை ஒவ்வொன்றும் ஒரு மதில்.

நம் நாட்டிலும் விழிப்பு வந்திருக்கிறது. சென்னையில் 1990களின் தொடக்கத்தில் மெட்ராஸ் டிஸ்லெக்சியா சங்கம் தோன்றியது. 2016இல் இயற்றப்பட்ட மாற்றுத் திறனாளிகள் உரிமைச் சட்டம், குறிப்பிட்ட கற்றல் குறைபாட்டையும் தன் பட்டியலில் சேர்த்தது. டாக்டரிடம் உரிய சான்று பெற்ற பிள்ளைகளுக்குப் பொதுத் தேர்வில் கூடுதல் நேரம் போன்ற சலுகைகள் உண்டு.

சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும். வீட்டில் செய்ய வேண்டியதும் உண்டு. பிள்ளை நன்றாகப் பேசுகிறது, நன்றாகப் புரிந்துகொள்கிறது, படிப்பு மட்டும் வரவில்லை என்றால், முதலில் கண்ணையும் காதையும் டாக்டரிடம் காட்ட வேண்டும். அவை சரியாக இருந்தால் ஆசிரியரிடம் கலந்து பேச வேண்டும். கற்றல் குறைபாடு இருக்கிறதா என்று சோதிக்கச் சொல்ல வேண்டும். எவ்வளவு சீக்கிரம் கண்டுபிடிக்கிறோமோ அவ்வளவு நல்லது. தினமும் சிறிது நேரம், எழுத்தைச் சொல்லிக்கொண்டே விரலால் மணலிலோ அரிசியிலோ எழுதச் செய்யலாம். பக்கத்து வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிட்டுப் பேசுவதை அடியோடு விட்டுவிட வேண்டும்.

அயோவாவில் அந்த 16 வயதுப் பையனை மார்க்கை மட்டும் பார்த்து அனுப்பியிருந்தால், மக்குப் பையன்களின் கணக்கில் ஒருவன் கூடியிருப்பான், அவ்வளவுதான். ஆர்ட்டன் அவனைப் பக்கத்தில் உட்கார வைத்துப் பேசிப் பார்த்தார். அதற்கு எந்தக் கருவியும் தேவைப்படவில்லை. ஒவ்வொரு தாயும் தந்தையும் ஆசிரியரும் அதைச் செய்யலாம்.